வாசலில் வளரும் நாய்: சங்கிலியா, ஓடுகம்பியா, கூண்டா, திறந்த வளாகமா?

நாயைக் கட்டியே வைத்திருந்தால் ஒரு சட்டம் கேள்வி கேட்கும். அவிழ்த்துவிட்டு, அது தெருவில் போகிறவரைக் கடித்துவிட்டால் இன்னொரு சட்டம் கேள்வி கேட்கும். வீட்டுக்குள் சேர்க்காமல் வாசலிலோ தோட்டத்திலோ நாய் வளர்க்கிற எல்லோரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறோம்.

முதல் சட்டம், 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். எதெல்லாம் வதை என்று அதன் 11-ஆம் பிரிவு பட்டியல் போடுகிறது. ஒரு பிராணியை நியாயமற்ற நேரத்துக்கு, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியிலோ கயிற்றிலோ கட்டிவைப்பது அதில் வருகிறது. எந்நேரமும் கட்டியே கிடக்கிற, அல்லது அடைத்தே கிடக்கிற நாயைப் போதிய அளவு நடக்க ஓட விடாமல் இருப்பது தனிக் குற்றம். அந்த வரியில் நாய் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். தீனி, தண்ணீர், ஒதுங்க இடம் கொடுக்காத உரிமையாளரும் அதே பிரிவுக்குள் வருவார்.

இரண்டாவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 289 ஆக இருந்தது. தன் பொறுப்பில் இருக்கும் பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ பெரிய காயமோ வராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இனி முதல் சட்டத்தின் தண்டனையைப் பாருங்கள். முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25-லிருந்து 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கட்டிப்போடுவது தொடர்பான குற்றங்களுக்குப் பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது. குற்றம் நடந்து மூன்று மாதம் கழிந்தால் வழக்கே போட முடியாது. கட்டினால் 50 ரூபாய், கட்டாமல் விட்டால் ஜெயில் என்கிற நிலையில் யாராக இருந்தாலும் கட்டத்தான் செய்வார்கள். நம் ஊரில் இத்தனை நாய்கள் சங்கிலியில் கிடப்பதற்கு இரக்கமின்மையைவிட இந்தக் கணக்குதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இந்தச் சட்டம் வந்ததில் சென்னைக்கு நேரடித் தொடர்பு உண்டு. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது, 1953-ல் தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஏழு ஆண்டு கழித்து சட்டம் வந்தது. அதன்கீழ் 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 2018-ல் ஹரியானாவின் பல்லப்கருக்கு மாற்றும்வரை வாரியம் சென்னையிலிருந்துதான் இயங்கியது. 1960-ல் 50 ரூபாய் என்பது ஒரு தொகை. இன்று அந்தக் காசுக்கு நாய்க்குப் போடும் சங்கிலிகூட வராது.

சட்டத்தின் இன்னொரு பலவீனம், அதில் மணிக்கணக்கும் இல்லை, அடிக்கணக்கும் இல்லை. எத்தனை மணி நேரம் அதிகம், எத்தனை அடி குட்டை என்று எங்கேயும் சொல்லவில்லை. நேரம், சங்கிலியின் குறை என்ற இரண்டையும் ஒரே வரியில் கோத்திருப்பதால், "நீளமான சங்கிலிதான், நாள் பூராவும் கட்டினால் என்ன" என்று வாதாடவும் இடம் கிடைக்கிறது. ஆகவே அளவுகளுக்கு வெளிநாட்டுச் சட்டங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவை நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நாயின் உடம்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அந்த அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு நம்மிடம் இருக்கும் நான்கு வழிகளையும் பார்க்கலாம்.

சங்கிலி

செலவு குறைவு, வேலை குறைவு. கேட் பக்கத்திலோ போர்ட்டிகோ தூணிலோ மாட்டிவிட்டால் முடிந்தது. நாய் ஓடிப்போகாது, கோழியைப் பிடிக்காது, தபால்காரர் மேல் பாயாது. ஈரோட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம், பகலில் ஒரு மணி நேரமாவது அவிழ்த்துவிடச் சொன்னேன். "அவுத்துட்டா பக்கத்துத் தோட்டத்துக் கோழி ஒண்ணும் மிஞ்சாதுங்க, அப்புறம் பஞ்சாயத்துக்கு நீங்க வருவீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர் நாய் கட்டியிருந்த இடத்தைப் பார்த்தால் மறுபக்கமும் தெரியும். கொய்யா மரத்தைச் சுற்றிப் புல் ஒன்றுகூட இல்லாமல் மண் வட்டமாகத் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. சங்கிலி மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, மிச்சம் ஒன்றரை அடிதான். தண்ணீர்ச் சட்டி நாய்க்கு எட்டாத தூரத்தில் கவிழ்ந்து கிடந்தது. பின்னங்கால் மூட்டில் தோல் தடித்துக் காய்ப்புக் காய்த்திருந்தது. கழுத்துப் பட்டைக்கு அடியில் முடி கொட்டி, உண்ணிகள் வரிசையாகப் பிடித்திருந்தன. கட்டியே கிடக்கும் நாய் தான் கழிக்கிற இடத்திலேயே படுக்க வேண்டும். குட்டியில் போட்ட பட்டையை வளர வளரத் தளர்த்தாமல் விட்டு, அது கழுத்துச் சதைக்குள் போய்ப் புழு வைத்த நாயைக் கால்நடை மருத்துவமனைகளில் பார்க்கலாம். உண்ணியால் வரும் காய்ச்சல் தனி. மதிலுக்குப் பக்கத்தில் கட்டிய நாய் எட்டிக் குதித்து அந்தப் பக்கம் தொங்கிச் சாவதும் நடக்கிறது.

சங்கிலி கடியைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் முழுக்க உண்மையில்லை. அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1994-ல் வெளியானது. வாசலில் கட்டி வளர்க்கப்பட்ட நாய்கள், கடித்தவற்றின் பக்கம்தான் கூடுதலாக இருந்தன. கட்டிய நாயால் விலகிப் போக முடியாது. பயந்தால் அதற்குத் தெரிந்த ஒரே வழி பாய்வதுதான். அதுவும் சங்கிலியின் எல்லை புரியாமல் கிட்டே போகிறவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். ஆக, 291-க்குப் பயந்து கட்டுகிற சங்கிலியே 291-க்கு வழி திறந்துவிடலாம்.

மற்ற நாடுகள் சங்கிலியை மூன்று விதமாகக் கையாண்டிருக்கின்றன. ஆஸ்திரியாவில் 2005 முதல் தடை. தற்காலிகமாகக்கூட நாயைக் கட்டி வளர்க்கக் கூடாது. சில அமெரிக்க மாநிலங்கள் நேரத்தை அளக்கின்றன. கலிபோர்னியாவில் அசையாத ஒன்றில் நாயைக் கட்டுவதே கூடாது. ஏதாவது வேலையை முடிக்கும் அளவுக்கு வேண்டுமானால் 24 மணி நேரத்தில் 3 மணி நேரம். மாசசூசெட்ஸில் 5 மணி நேரம், இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை கூடாது. பென்சில்வேனியாவில் 9 மணி நேரம். இந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு: வெப்பம் 90 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினாலோ 32-க்குக் கீழே போனாலோ அரை மணி நேரத்துக்கு மேல் கட்டக் கூடாது. 90 டிகிரி என்றால் நம் கணக்கில் 32 செல்சியஸ். வேலூரில் இந்த விதி இருந்தால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் பகலில் நாயைக் கட்டவே முடியாது.

டெக்சாஸ் மூன்றாவது வகை. அங்கே நேரக் கணக்கு இல்லை; எப்படிக் கட்டுகிறாய் என்பதுதான் கேள்வி. இரும்புச் சங்கிலியே கூடாது, பட்டையில் கனம் தொங்கவிடக் கூடாது. கயிறு குறைந்தது 10 அடி, அல்லது மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நாயின் நீளத்தைப் போல் ஐந்து மடங்கு. இரண்டில் எது கூடுதலோ அது. ஒரு மீட்டர் நீளமுள்ள நாய்க்கு 5 மீட்டர் கயிறு என்று ஆகிறது. பென்சில்வேனியாவில் மூன்று மடங்கு அல்லது 10 அடி. நம் கடைகளில் தொங்கும் சங்கிலியை இதனோடு ஒப்பிட்டால் அது கையில் பிடித்து நடத்திப் போவதற்கான நீளந்தான், கட்டிவைப்பதற்கானது அல்ல. டெக்சாஸ் சட்டத்துக்கு ஒரு சுவையான வரலாறும் உண்டு. 2021 ஜூனில் அதன் முதல் வடிவத்தை, நாய் வளர்ப்பின் சின்னச் சின்ன விவரங்களில் அரசு தலையிடுகிறது என்று சொல்லி ஆளுநர் கிரெக் அபாட் நிராகரித்தார். எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு சிறப்புக் கூட்டத்தொடரில் அவரே அதை விவாதப் பட்டியலில் சேர்த்தார். 2022 ஜனவரி 18 முதல் அமலுக்கு வந்தது. பழைய சட்டத்தின்படி, நாயைக் கட்டிப்போட்டவருக்கு அதிகாரி முன்னெச்சரிக்கை கொடுத்து 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். புதியதில் அதை எடுத்துவிட்டார்கள்.

இந்த மூன்றில் எது நல்ல சட்டம்? மணிக்கணக்கை நிரூபிக்க யாராவது எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்து கடிகாரம் பார்க்க வேண்டும். கயிற்றின் நீளம், சங்கிலியா கயிறா, நிழல் உண்டா, தண்ணீர் உண்டா என்பதெல்லாம் ஒருமுறை கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தாலே தெரியும். அன்றைய வெப்பமும் எல்லோருக்கும் தெரிந்ததே. நம் சட்டத்தை யாராவது திருத்தி எழுதப் போனால் டெக்சாஸின் அளவையும் பென்சில்வேனியாவின் வெப்ப விதியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்பேன். ஆனால் வீட்டுக்கு அது தலைகீழ். நாய் எத்தனை மணி நேரம் கட்டிக் கிடந்தது என்பது வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் வளர்ப்பவருக்குத் தெரியும். அதனால் உரிமையாளர் பின்பற்ற வேண்டியது மணிக்கணக்கைத்தான்.

ஓடுகம்பி

நம் ஊரில் அதிகம் பேர் யோசிக்காத வழி, ஆனால் தோட்டம் உள்ளவர்களுக்கு இதுதான் பொருத்தம். இரண்டு தூணுக்கோ இரண்டு தென்னைக்கோ நடுவில், ஆள் தலைக்கு மேல் உயரத்தில் ஒரு ஜிஐ கம்பிக் கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் ஒரு கப்பியை அல்லது தடித்த வளையத்தை ஓடவிட்டு, அதிலிருந்து நாயின் பட்டைக்கு ஒரு கயிறு. நாய் கம்பியின் நீளம் முழுக்க ஓடலாம். கழிக்க ஒரு முனை, படுக்க ஒரு முனை என்று அதுவே பிரித்துக்கொள்ளும்.

செய்வதில் நாலைந்து விஷயம் தவறாமல் பார்க்க வேண்டும். இரண்டு முனையிலும் தூணுக்கு நான்கைந்து அடி முன்பே கம்பியில் கிளாம்பு போட்டு வளையத்தை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் நாய் தூணைச் சுற்றும், கதை பழையபடி கொய்யா மரத்துக்கே போய்விடும். கயிற்றின் இரண்டு பக்கமும் சுழலும் கொக்கி வேண்டும், முறுக்கு ஏறாமலிருக்க. கம்பி தொய்யத் தொய்ய இறுக்குவதற்கு ஒரு முனையில் திருகு வையுங்கள். கயிறு, நாய் சிரமமில்லாமல் படுக்கும் அளவுக்கு நீளமாக, மதிலையோ கிணற்று மேட்டையோ எட்டாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். கழுத்தை இறுக்கும் சங்கிலிப் பட்டையை இதில் மாட்டவே கூடாது. கலிபோர்னியா சட்டமே அதைத் தனியாகத் தடுக்கிறது. மார்போடு சேர்த்துப் பூட்டும் வார் இன்னும் நல்லது. ஒரு கம்பிக்கு ஒரு நாய்தான். இரண்டைப் பூட்டினால் பின்னிக்கொள்ளும்.

கலிபோர்னியா இதை அனுமதிக்கிறது. மூன்று மணி நேரக் கட்டுப்பாடு இதற்கு இல்லை. ஓரிகனில் சாதாரணமாகக் கட்டினால் 24 மணிக்கு 10 மணி நேரம், ஓடுகம்பியில் 15 மணி நேரம். அதாவது ஒன்றரை மடங்கு சலுகை. ஜெர்மனியில் முன்பு ஓடுகம்பி குறைந்தது 6 மீட்டர் நீளமும், பக்கவாட்டில் 5 மீட்டர் நகரும் இடமும் இருந்தால் போதும் என்று இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். வேலை நாய்களை, வேலை நேரத்தில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே அங்கே கட்டலாம். அந்த 6 மீட்டரும் 5 மீட்டரும் சட்டத்திலிருந்து போனாலும், தோட்டத்தில் கம்பி இழுக்கிறவருக்கு நல்ல குறைந்தபட்சம்தான்.

இதன் பெரிய குறை, அக்கம்பக்க நாய்கள் உள்ளே வந்து கடித்தால் கட்டியிருக்கும் நாயால் தப்ப முடியாது. வேலி இல்லாத இடத்தில், தெரு நாய்கள் கூட்டமாகச் சுற்றும் ஊரில், கருத்தடை செய்யாத பெட்டை நாயை ஓடுகம்பியில் விடுவது விவேகமில்லை.

கூண்டு

நகரத்தில் வீடு கட்டும்போதே மாடிப்படிக்குக் கீழே ஒரு கூண்டு வைத்துவிடுகிறார்கள். வெல்டிங் பட்டறையில் சொன்னால் ஆறுக்கு நாலு என்று அளவு அவர்களே சொல்வார்கள். 24 சதுர அடி. ஜெர்மன் விதியில் தோள் உயரம் 50 சென்டிமீட்டர் வரையுள்ள சின்ன நாய்க்கே 6 சதுர மீட்டர், அதாவது சுமார் 65 சதுர அடி வேண்டும். 65 சென்டிமீட்டர் வரை 8 சதுர மீட்டர், அதற்கு மேல் 10 சதுர மீட்டர். எந்தப் பக்கமும் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு பக்கமாவது வெளியே பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். மாசசூசெட்ஸ் 100 சதுர அடி கேட்கிறது. இந்த அளவுகளில் எதை வைத்துப் பார்த்தாலும் மாடிப்படிக் கூண்டு தேறாது. நம் 11-ஆம் பிரிவும், அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதைத் தனி உட்பிரிவாகச் சொல்கிறது, அளவு சொல்லாவிட்டாலும்.

ஜெர்மன் விதியில் எனக்குப் பிடித்தது ஒரு விலக்கு. வாரத்தில் குறைந்தது ஐந்து நாள், பகலின் பெரும்பகுதியைக் கூண்டுக்கு வெளியே கழிக்கும் நாய்க்கு எந்த அளவானாலும் 6 சதுர மீட்டர் போதும். கூண்டு என்பது வசிப்பிடமா, படுக்கையறையா என்பதை அந்த விலக்கு பிரித்துவிடுகிறது. நம் வீடுகளில் பகலில் விருந்தாளி, வேலையாள், கூரியர் என்று ஆட்கள் வந்துபோகும் நேரத்துக்கு மட்டும் கூண்டு, மற்ற நேரம் வளாகத்துக்குள் என்று வைத்துக்கொண்டால் அது நல்ல ஏற்பாடு. நாள் முழுக்க அடைத்துவிட்டுப் பத்து நிமிடம் தெருவில் நடத்திப் போவது ஏற்பாடே இல்லை. ஜெர்மனியில் கூண்டுக்கு வெளியே தினமும் இரண்டு தடவை, மொத்தம் ஒரு மணி நேரமாவது வெளிநடை வேண்டும். கூண்டுக்குள் சங்கிலி போட்டுக் கட்டுவதும் அங்கே கூடாது. இங்கே அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

மொட்டை மாடியைப் பற்றி ஒரு வரி. தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டி, மாடியிலேயே நாய் வளர்ப்பதைக் கூண்டுக்கு மாற்று என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்பெயினில் 2023-ல் அமலுக்கு வந்த சட்டம், நாயை வழக்கமாகப் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வைப்பதையே தடை செய்திருக்கிறது. நம் வெயிலில் அது இன்னும் பொருந்தும்.

திறந்த வளாகம்

காம்பவுண்டு சுவர் சுற்றிலும் சரியாக இருந்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. நாய்க்கு நிழல் தேடிப் போகும் சுதந்திரம் இருக்கிறது. 11-ஆம் பிரிவில் கட்டுவது, அடைப்பது பற்றிய எதுவும் உங்களைத் தொடாது. மிச்சம் 291 மட்டும்தான், அது முழுக்க கேட்டைப் பொறுத்தது.

கடிச் சம்பவங்களில் நான் கேள்விப்பட்ட பலவற்றில் சுவர் தாண்டிய நாய் குறைவு, திறந்திருந்த கேட் வழியாக வந்த நாய் அதிகம். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வருவார், குழந்தை ஸ்கூட்டர் எடுக்கும், கேட் அரை நிமிடம் திறந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டு கேட் வைப்பதுதான் தீர்வு: தெருக் கேட், அதற்கு உள்ளே நாலடி தள்ளி இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்புக் கேட். கேட்டின் அடியில் ஒரு ஜாணுக்கு மேல் இடைவெளி இருந்தால் கன்னி, சிப்பிப்பாறை மாதிரி ஒல்லி நாய்கள் அதில் நுழைந்துவிடும். இந்த இரண்டும் ஓடுவதற்காகவே வளர்த்தெடுத்த இனங்கள். ஐந்தடிச் சுவர் அவற்றுக்குப் பெரிய தடையில்லை. கோம்பை நாய் ஓடிப்போவது குறைவு, ஆனால் அந்நியரைச் சேர்த்துக்கொள்ளாது. ராஜபாளையம் வெள்ளை உடம்பு, சிவந்த மூக்கு; வெயிலுக்கு அதன் தோல் தாங்காது, அந்த இனத்தில் காது கேளாத நாய்களும் கணிசம். பின்னால் வண்டி எடுக்கும்போது ஹாரன் அடித்தால் எழுந்துபோகும் என்று நினைக்க முடியாது.

தோட்டத்தில் இதே வழிக்குச் செலவு அதிகம். ஏக்கர் கணக்கில் வேலி போட்டால்தான் வளாகம் ஆகும். திறந்த கிணறு உள்ள தோட்டத்தில் கைப்பிடிச் சுவர் கட்டாமல் நாயை அவிழ்த்துவிடாதீர்கள்; முயலைத் துரத்திக்கொண்டு போய் விழுந்த நாயை மேலே கொண்டுவருவது லேசான வேலையில்லை.

கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் எந்த வழிக்கும் பொது. ஆனால் திறந்த வளாகத்தில் ஆண் நாய்க்குக் கருத்தடை செய்யாவிட்டால், சுவர் எத்தனை அடி என்பது மார்கழிக் குளிரில் பொருட்டே இல்லை.

தங்குமிடம்

நான்கில் எதை எடுத்தாலும் கூரை தனியாக வேண்டும். நம் சட்டம் ஒதுங்க இடம் என்று மட்டும் சொல்கிறது. டெக்சாஸ் அதை விரிக்கிறது: நாய் நிமிர்ந்து நிற்க, திரும்ப, இயல்பாகப் படுக்க இடமுள்ள உறுதியான கூடு, நேர் வெயில் படாத நிழல், குடிக்கத் தகுந்த தண்ணீர், தண்ணீரும் மலமும் தேங்காத தரை. ஜெர்மனியில் வெளியே வளர்க்கும் நாய்க்குக் கூட்டைத் தவிர, கூட்டுக்கு வெளியே நிழலில் இன்னொரு படுக்கும் இடமும் வேண்டும். பனிநாட்டுக்கு எழுதிய அந்த விதி நமக்குத்தான் அதிகம் உதவும். தகரக் கூரை போட்ட கூடு பகல் இரண்டு மணிக்கு அடுப்பு. எந்த நாயும் அதற்குள் போகாது. நாய்க்கு வியர்வை பாதங்களில்தான், உடம்பின் சூட்டை நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் இறக்குகிறது. சுற்றியுள்ள காற்றே கொதித்தால் மூச்சு வாங்கியும் பயனில்லை. கீற்றுக் கொட்டகை, அல்லது தகரத்தின் மேல் தென்னங்கீற்று, சுற்றிலும் காற்று போக இடம், இதுதான் நம் ஊருக்கு.

மர நிழலை நம்பும்போது காலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எட்டு மணிக்கு நாய் படுத்திருக்கும் வேப்ப நிழல் மூன்று மணிக்கு மதிலின் அந்தப் பக்கம் போயிருக்கும். கட்டியிருக்கும் நாயால் நிழலோடு நகர முடியாது. சங்கிலி, ஓடுகம்பி இரண்டுக்கும் சித்திரை வெயிலில் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இடம் குறிக்க வேண்டும். மழைக்கு, தரையிலிருந்து அரை அடி தூக்கிய பலகை. வாசல் வடகிழக்கு பார்க்காமல் இருந்தால் ஐப்பசி மழை உள்ளே அடிக்காது. தண்ணீருக்கு சிமெண்ட் தொட்டி, அலுமினியச் சட்டி கவிழ்ந்துவிடும். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் மாதிரியான நாய்களுக்கு இதில் எதுவும் போதாது. அவற்றை இங்கே வெளியே வளர்ப்பதில்லை.

யாருக்கு எது

சொந்த வீடு, சுற்றுச்சுவர் உண்டு என்றால் திறந்த வளாகமும் இரட்டைக் கேட்டும். ஆட்கள் வரும் நேரத்துக்கு மட்டும் கூண்டு, அதுவும் 65 சதுர அடிக்குக் குறையாமல். செலவைப் பார்த்தால் உள்கேட் ஒன்று போடுவது பெரிய கூண்டு செய்வதைவிட மலிவு என்பதால், இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் கேட்டுக்கே என் ஓட்டு.

வேலியில்லாத தோட்டம் என்றால் பகலில் ஓடுகம்பி, ஆள் வேலை செய்யும்போது கூடவே அவிழ்த்துவிடுவது. ஈரோட்டு நண்பருக்குச் சொன்னதும் இதுதான். கோழிப் பிரச்சினை தீர்ந்தது என்பதால் ஒத்துக்கொண்டார். நாய்க்காக ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, அதனால் என்ன.

வாடகை வீட்டில், பொது வாசல், சுவர் இல்லை, கம்பி கட்ட இடமில்லை என்றால் மிஞ்சுவது சங்கிலி மட்டும்தான். அப்படியானால் கலிபோர்னியாவின் 3 மணி நேரம், டெக்சாஸின் கயிற்று நீளம், பென்சில்வேனியாவின் 32 டிகிரி செல்சியஸ் வெப்ப வரம்பு என்று மூன்றையும் சேர்த்தே கடைப்பிடிக்க வேண்டும். மிச்ச நேரம் நாய் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பொருள். உள்ளே சேர்க்க மனமோ இடமோ இல்லாதவர்கள் அந்த வீட்டில் இருக்கும்வரை நாய் வாங்காமல் இருக்கலாம்.

தீபாவளிக்கு முதல்நாள் மாலையிலிருந்து மறுநாள் இரவு வரை இந்த நான்கில் எதுவும் செல்லாது. வெடிச்சத்தத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டும், ஓடுகம்பியில் கழுத்தை நெரித்துக்கொண்டும், கூண்டுக் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டும், ஆறடிச் சுவரைத் தாண்டியும் நாய்கள் போகின்றன. அந்த இரண்டு நாளும் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டு, வீட்டின் உள்ளறை ஒன்றில் விட்டுவிடுங்கள்.